அடிவானம் தெரியாவிட்டால் வீட்டுக்கு

செல்வம், நீ செய்தது தப்பு. ஒழுங்காகத் திரும்பி வந்த ஒரு பெண்ணை, திரும்பி வந்ததற்காகவே தண்டித்திருக்கிறாய்.

உங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியின் மாத மடலுக்கு, புதிதாகச் சேர்ந்திருக்கும் பயிற்றுநர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்றவன் என்றால் மென்மையாக எழுதுவான் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு மென்மையாக எழுத வராது. விமானத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கத்தியே தொண்டை போனவன் நான். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் தலைமைப் பயிற்றுநர் செல்வம் நான் பறக்கச் சொல்லிக் கொடுத்த பையன். அவன்மேல் எனக்கு இருக்கும் பிரியம் உங்கள் யார் மேலும் கிடையாது. என் மகன் மாதிரி என்று சொல்ல மாட்டேன். என் மகன் சொன்ன பேச்சைக் கேட்பான்.

நான் இப்போது குடியிருப்பது மரக்காணத்துக்குப் பக்கத்தில், உப்பளத்தை ஒட்டின தெருவில். உங்கள் பயிற்சிப் பகுதி என் வீட்டுக்கு மேலேதான். மாணவன் என்ன பாடம் செய்கிறான் என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். என்ஜின் சத்தம் மெள்ள அடங்கி, ஒரு நொடி நின்று, திடீரென்று உறுமினால் அது ஸ்டால் பயிற்சி, வேகம் செத்து இறக்கை தாங்காமல் போகும்போது மீளுவது. ஒரே இடத்தில் சத்தம் சுற்றிச் சுற்றி வந்தால் திருப்பப் பயிற்சி. என் மனைவிக்கே தெரியும். "ஏங்க, உங்க பசங்க இன்னைக்கும் அந்த என்ஜினை அணைக்கிற விளையாட்டு விளையாடறாங்க, துணி காயப்போட பயமா இருக்குது" என்பாள். அணைப்பதில்லை, குறைப்பதுதான் என்று நானும் பல வருஷமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைப் பலகையில் போடும் சாதாரணக் கோடு.

நான் பயிற்றுநராகச் சேர்ந்தபோது உங்கள் இதே பள்ளியில் எனக்கு மேலே இருந்தவர் ஒரு பெண். என்னைவிட வயதில் சின்னவர், என்னைவிட நிறையப் பறந்தவர். பெயரை எழுதட்டுமா என்று போனில் கேட்டேன். "எழுதினீங்கன்னா மரக்காணத்துக்கே வந்து திட்டுவேன்" என்றார். அதனால் அம்மணி என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பட்டத்துக்கும் திட்டு உண்டு, பரவாயில்லை.

முதல் வாரம். பாடத்திட்டம் எழுதிக்கொண்டு போய் அவர் முன்னால் பலகையில் வரிசையாகப் போட்டேன். நோக்கம், முன்விளக்கம், செய்து காட்டுவது, மாணவன் செய்வது, பின்விளக்கம். அழகாகத்தான் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுதியதற்கு அடியில் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"சரி. இன்னைக்கு என்ன சொல்லித் தரப் போறதில்ல?"

எனக்குப் புரியவில்லை. புரியாததோடு கோபமும் வந்தது. "சமையல்" என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. கோட்டுக்குக் கீழே 'சமையல்' என்று எழுதினார். "அப்புறம்?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் பேனாவை நீட்டியபடியே நின்றார். "அப்புறம் சொல்லுங்க. ரேடியோவுல பேசறது? காத்து இழுக்கறதைச் சரி பண்றது? லேண்டிங்? இதெல்லாம் அவன் இன்னைக்குத் தப்பாத்தான் செய்வான். அப்போ நீங்க என்ன பண்ணுவீங்க?"

"திருத்துவேன்."

"மாட்டீங்க. அதையெல்லாம் நீங்களே செஞ்சுட்டு வாயை மூடிக்கிட்டு உக்காருவீங்க. மேல எழுதினது அவன் வேலை. கீழ எழுதினது உங்க வேலை."

அவ்வளவுதான் தத்துவம். புதிதாகப் பறக்கிறவன் தலைக்குள் இடம் கொஞ்சம்தான். நாம் அறிவாளிகள் என்பதால் கண்ணில் படும் ஒவ்வொரு தப்பையும் சொல்லிக்கொண்டே போவோம். சொல்லச் சொல்ல அவன் அன்றைய ஒரே பாடத்தையும் கீழே போட்டுவிடுவான். நல்ல பாடத்திட்டம் என்பது எதைச் சொல்லுவது என்ற பட்டியல் இல்லை. எதைச் சொல்லாமல் நாக்கைக் கடித்துக்கொள்வது என்று தரையிலேயே செய்துகொள்ளும் சத்தியம். மேலே போனபிறகு அந்த முடிவை எடுக்க முடியாது. மேலே நமக்கும் தலைக்குள் இடம் கொஞ்சம்தான்.

அம்மணியிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. கோட்டுக்குக் கீழே கடைசி வரியைப் பயிற்றுநர் எழுதக் கூடாது. பேனாவை மாணவன் கையில் கொடுக்க வேண்டும். எந்த நிலைமை வந்தால் பாடத்தை விட்டுவிட்டுத் திரும்புவேன் என்று அவன் தன் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். அவன் எழுதியதை நாம் இன்னும் கடுமையாக்கலாம், தளர்த்தக் கூடாது. அழிக்கவே கூடாது. தனியாகப் பறக்கும் அளவுக்கு வளர்ந்த மாணவனுக்கு அந்த வரிதான் பக்கத்து இருக்கை. நாம் இறங்கிக்கொண்ட பிறகு அங்கே உட்கார வேறு யாரும் கிடையாது.

பசங்கள் என்னென்னவோ எழுதுவார்கள். ஒருவன் 'வாந்தி வந்தால்' என்று எழுதினான். ஒருத்தி 'சார் பாட ஆரம்பித்தால்' என்று எழுதினாள். எதையும் அழித்ததில்லை. பாடவும் இல்லை.

இனி செல்வம்.

வானூர்க்காரன். வந்த புதிதில் கைகால் எல்லாம் நெஞ்சுக்கூட்டுக்குள் மடங்கி உட்கார்ந்திருப்பான். ஆனால் விமானத்தைக் கையில் கொடுத்தால் தடவிக் கொடுப்பதுபோல் ஓட்டுவான். அந்த மாதிரிக் கை எனக்கு இல்லை. பொறாமையாக இருக்கும். ரேடியோவில் பேசச் சொன்னால் மட்டும் செத்துப்போவான். "டவர்... டவர்... சார், நீங்களே சொல்லிடுங்க சார்" என்பான்.

அன்றைக்குப் பாடம் ஸ்டீப் டர்ன். புதியவர்களில் சிலர் தரையில் வகுப்பெடுக்க மட்டும் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், அவர்களுக்காகச் சொல்கிறேன். விமானத்தை நன்றாகச் சாய்த்து, உயரம் மாறாமல் ஒரு முழு வட்டம் அடிக்க வேண்டும். உயரத்தைப் பிடிப்பது கண்ணால்தான். விமானத்தின் மூக்கு அடிவானத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே சுற்ற வேண்டும். மூக்கு இறங்கினால் வேகம் ஏறும். பயந்து பின்னால் இழுத்தால் வட்டம் இன்னும் இறுகி, விமானம் திருகாணிபோல் கீழே இறங்கும். அதிலிருந்து மீளுவது தனிப்பாடம். இரண்டு பாடம் தள்ளி வருவது. அன்றைக்கு அது கோட்டுக்குக் கீழே இருந்தது.

உப்பளத்துக்கு மேலே வந்தோம். உப்புப் பருவம். பாத்தியெல்லாம் தண்ணீர் விட்டிருந்தார்கள். காலையில் காற்று துளியும் இல்லை. இந்தக் கடற்கரையில் பறக்கிற நீங்கள் இதைத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மேற்கே பார்த்தால் சவுக்குத் தோப்பு, ரோடு, கழுவெளி ஏரிக்கரை எல்லாம் துல்லியமாக இருக்கும். கீழே பார்த்தால் உப்பு வாருகிறவர்கள் தலைத்துண்டு என்ன நிறம் என்றுகூடத் தெரியும். கிழக்கே மூக்கு திரும்பியதும் ஒன்றும் இருக்காது. லேசான மூட்டம், அதே நிறத்தில் கடல், அதே நிறத்தில் வானம். பாத்தித் தண்ணீருக்குள்ளும் வானம். வெள்ளை வெள்ளையாகத் தெரிவது உப்புக் குவியலா, மேகமா, தண்ணீரில் தெரியும் மேகத்தின் பிம்பமா என்று சொல்ல முடியாது. வேறு ஊர்ப் பள்ளிகளில் படித்துவிட்டு வந்த பயிற்றுநர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுவார்கள். தூரம் தெரிகிறதே, பிறகென்ன என்பார்கள். தூரம் தெரிவது வேறு, அடிவானம் தெரிவது வேறு.

செல்வம் அழகாகச் சாய்த்தான். மேற்கு, தெற்கு வரைக்கும் மூக்கு நகரவில்லை. கிழக்கே திரும்பியதும் அவன் கண் அடிவானத்தைத் தேடியது. கிடைக்கவில்லை. ஏதோ ஒரு வரப்பைப் பிடித்துக்கொண்டான் என்று நினைக்கிறேன். மூக்கு இறங்க ஆரம்பித்தது. சாய்வு கூடியது. காற்றுச் சத்தம் ஏறியது. அவன் இழுத்தான்.

இங்கேதான் பயிற்றுநரின் சம்பளம் இருக்கிறது. உடனே பிடுங்கினால் அவன் எதையும் கற்றுக்கொள்ள மாட்டான். ரொம்ப நேரம் விட்டால் கற்றுக்கொள்ள ஆள் இருக்காது. நான் பிடுங்க வேண்டிய உயரத்தைத் தரையிலேயே முடிவு செய்திருந்தேன். அதுவரை கையைத் தொடைமேல் வைத்திருந்தேன். அவன் இன்னும் இறுக்கி இழுப்பதைப் பார்த்ததும் அந்த உயரத்துக்குக் காத்திருக்கவில்லை.

"என்கிட்ட விடு."

விட்டான். நல்ல பையன், உடனே விட்டான். என்ஜினைக் குறைத்து, சாய்வை நேராக்கி, மெள்ள மூக்கைத் தூக்கி, மேற்கே திருப்பினேன். சவுக்குத் தோப்பு கண்ணில் பட்டதும்தான் இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது.

இப்போது என் நாக்கு நுனியில் முழு வகுப்பும் நின்றது. பார்த்தாயா, இதற்குப் பெயர்தான் ஸ்பைரல், முதலில் எதைச் செய்ய வேண்டும், ஏன் இழுக்கக் கூடாது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் எந்த வாத்தியாருக்கும் கிடைக்காது. ஆனால் அது கோட்டுக்குக் கீழே இருந்தது. அரண்டுபோயிருக்கிறவன் காதில் போடுவது எதுவும் உள்ளே போகாது, பயம் மட்டும்தான் தங்கும். வாயை மூடிக்கொண்டேன்.

"சார், நான் ஃபெயிலா?"

"எதுல?"

"இப்ப நடந்ததுல."

"அது இன்னைக்குப் பாடமே இல்லையேப்பா. இல்லாத பாடத்துல எப்படி ஃபெயில் ஆவ? வீட்டுக்குப் போலாம். டவர்கிட்ட நான் பேசறேன்."

"இல்ல சார்" என்றான். "நான் பேசறேன்." பேசினான். திக்கித் திக்கித்தான் பேசினான், ஆனால் அவனேதான் பேசினான்.

மறுநாள் பலகையில் நான் பாடத்தை எழுதி, கோடு போட்டு, பேனாவை அவனிடம் கொடுத்தேன். கடைசி வரியில் இப்படி எழுதினான்: 'அடிவானம் தெரியலைன்னா வீட்டுக்கு.' நான் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அம்மணி வந்து படித்துவிட்டு, "இதுக்கு மேல நான் என்ன சொல்லித் தர்றது" என்று கிளம்பிப் போய்விட்டார். செல்வத்தின் கூடப் படித்தவர்கள் அதையே எழுத ஆரம்பித்தார்கள். அடுத்து வந்தவர்களும் எழுதினார்கள். யார் முதலில் எழுதியது என்று தெரியாமலே அந்த வரி விடுதியில் மூத்த மாணவர்களிடமிருந்து புதியவர்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது உங்களிடம் வெள்ளைப் பலகை இல்லை, டேப்லெட்டில் பாடத்திட்டம். எனக்கு டேப்லெட் மேல் கோபம் எதுவும் இல்லை. சுத்தமாக இருக்கிறது, மை தீராது. ஆனால் கோட்டுக்கும் கடைசி வரிக்கும் அதில் இடம் வைக்கவில்லை. இடம் இல்லாததால் நீங்கள் அதைக் கேட்பதில்லை. மாணவர்கள் மட்டும் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நஸ்ரினும் சொன்னாள்.

கோட்டக்குப்பத்துப் பெண். அப்பா கல்ஃபில் வேலை. அவளுக்கு இந்த வாரம் ஒரு நாள் தனிப் பறப்பு, உப்பளத்துக்கு மேலே ஸ்டீப் டர்ன், இரண்டு பக்கமும். புறப்படும் முன்னால் தன் பயிற்றுநரிடம், "அடிவானம் தெரியலைன்னா வீட்டுக்கு, சார்" என்றாள். அந்தப் பயிற்றுநர் தலையாட்டினான். யார் என்று எழுத மாட்டேன். உங்களில் ஒருவன்தான். அன்று மாலை எனக்கு போன் செய்தவனும் அவன்தான்.

அன்று காலை நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். விமானம் ஒரு தரம் அகலமாக, சாதுவாக ஒரு வட்டம் போட்டது. யாரோ சுற்றுமுற்றும் பார்க்கிறார்கள் என்று புரிந்தது. நானும் கிழக்கே பார்த்தேன். கடலைக் காணோம். கடல் இருக்க வேண்டிய இடத்தில் பால் மாதிரி ஏதோ இருந்தது. 'போயிடு, போயிடு' என்று என் வாய் தானாகச் சொன்னது. விமானம் நேராகி, தெற்கே போய்விட்டது.

"என்னங்க, இன்னைக்கு விளையாட்டைச் சீக்கிரமே முடிச்சுட்டாங்க?" என்றாள் என் மனைவி.

"யாரோ நல்லாப் படிச்ச பிள்ளை" என்றேன். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சாயங்காலம் போன் வரும்வரை.

போனில் கேட்டது இது. செல்வம் எல்லோர் முன்னாலும் அவளை நிற்க வைத்துக் கேட்டிருக்கிறான்.

"ஏம்மா, விசிபிலிட்டி லிமிட்டுக்கு மேலயே இருந்துதே. ஏன் பாடத்தை முடிக்கல?"

"தூரம் தெரிஞ்சுது சார். அடிவானம் தெரியல."

"உனக்கு இது ரெண்டாவது தடவை. போன வாரம் என்ஜின்ல ஏதோ சத்தம்னு வந்த. பார்த்தா ஒண்ணும் இல்ல. இன்னைக்கு இது. பயமா இருக்குதா?"

தனிப் பறப்பு நிறுத்தம். 'பயத்தால் பாடத்தை முடிக்கவில்லை' என்று அவள் பெயருக்கு நேரே பதிவு. பயிற்சியில் தொடரலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய, வரும் திங்கட்கிழமை கூட்டம். இவ்வளவும் நடக்கும்போது தலையாட்டினவன் அதே அறையில் உட்கார்ந்திருந்தான்.

தம்பி, உன்னைத் திட்ட எனக்கு மனசில்லை, போன் செய்திருக்கிறாய். ஆனால் புரிந்துகொள். மாணவன் திரும்பும் வரியைச் சொல்லும்போது நீ தலையாட்டினால், திரும்பி வருகிற அந்த முடிவில் பாதி உன்னுடையது. அவள் திரும்பி வந்தால் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். நிற்க முடியாது என்றால் தலையாட்டாதே, முடியாதென்று தரையிலேயே சொல்லிவிடு. மாணவனுக்கு வாத்தியார் செய்கிற பெரிய துரோகம் கத்துவது இல்லை. கத்தினால் மறந்துவிடுவார்கள், நான் கத்தினவர்கள் இன்னும் தீபாவளிக்கு போன் செய்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டு அப்புறம் சுவரைப் பார்ப்பதுதான் துரோகம்.

மறுநாள் நஸ்ரின் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு, பின்னால் அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு. முகவரி யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை, உங்களுக்கே தெரியும். என் மனைவி டீ கொண்டு வந்து வைத்தாள். அந்தம்மா டீயைத் தொடவில்லை.

"சார், நான் படிக்காதவ. ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. எம் பொண்ணு பயந்தாங்கொள்ளியா? அவங்க அப்பா ராத்திரி போன் பண்ணுவாரு. நான் ஏதாவது சொல்லணும்."

"அம்மா, சும்மா இரும்மா."

"நீ சும்மா இரு. சைக்கிள்ல இருந்து விழுந்து கை ஒடிஞ்சப்பகூட அழாதவ சார் இவ. நேத்துல இருந்து சாப்பிடல."

"இவங்க பயந்தாங்கொள்ளி இல்லம்மா" என்றேன். "நேத்து நான் மாடியில நின்னு பார்த்தேன். நானா இருந்தாலும் திரும்பியிருப்பேன்."

அந்தம்மா டம்ளரைக் கையில் எடுத்தார். நஸ்ரின் நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்தபடியே கேட்டாள்:

"திங்கக்கிழமை எனக்கு இன்னொரு சான்ஸ் கொடுத்தாங்கன்னா, அடுத்த தடவை எப்படி இருந்தாலும் பாடத்தை முடிச்சிட்டே வந்துடட்டுமா சார்?"

புதுப் பயிற்றுநர்களே, இந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். அவளைப் பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டால் ஒரு நல்ல பைலட் போவாள், அது நஷ்டம். ஆனால் அனுப்பாமல் வைத்துக்கொண்டு, எப்படி இருந்தாலும் முடித்துவிட்டே வர வேண்டும் என்ற பாடத்தை அவள் தலையில் ஏற்றிவிட்டால்? அடுத்த மூட்டத்தில் அவள் சுற்றுவாள். கிழக்கே மூக்கு திரும்பும்போது பாத்தித் தண்ணீரில் தெரிகிற வானத்தை நம்பிச் சுற்றுவாள். பக்கத்து இருக்கையில் "என்கிட்ட விடு" என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். ஒரே ஒரு விசாரணையில் செல்வம் அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டான். எந்தத் திட்டத்திலும் இல்லாத பாடம், ஆனால் ஒரே தடவையில் மனதில் பதிந்துவிட்டது. நம்முடைய மற்ற பாடங்கள் எதுவும் இவ்வளவு சீக்கிரம் பதிவதில்லை.

"வேண்டாம்மா" என்றேன். "உங்க வரியை விட்டுடாதீங்க." அவளுக்கு அந்த வரி யாருடையது என்று தெரியாது. நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் செல்வம்.

அவர்கள் போனதும் செல்வத்துக்கு போன் போட்டேன்.

"சார்! சாப்பிட்டீங்களா? அம்மா எப்படி இருக்காங்க?"

"சாப்பிட்டாச்சு, நல்லா இருக்கா. அந்தக் கோட்டக்குப்பத்துப் பொண்ணை என்னப்பா பண்ணி வச்சிருக்க?"

"சார், நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க. இங்க நிலைமை உங்களுக்குத் தெரியாது."

"சொல்லு, தெரிஞ்சுக்கறேன்."

சொன்னான். அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். மழைக்காலத்தில் நின்றுபோன பாடங்கள் மலைபோல் குவிந்திருக்கின்றன. விமானங்கள் போதவில்லை. சில மாணவர்கள் உண்மையிலேயே சாக்குச் சொல்லித் திரும்பி வருகிறார்கள். அப்படி ஒருவனைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே போய், கடைசித் தேர்வில் அவன் தடுமாறியதை செல்வம் பார்த்திருக்கிறான். "பயப்படறவங்களை நான் முன்னாடியே கண்டுபிடிக்கணும் சார். இல்லைன்னா அவங்களுக்குத்தான் ஆபத்து" என்றான். இது கெட்ட மனிதன் பேசும் பேச்சு இல்லை. மாணவர்கள்மேல் அக்கறை இருக்கிறவன் பேசும் பேச்சுதான்.

"சரி. நேத்து அடிவானம் இருந்துதா?"

"வெதர் ரிப்போர்ட்ல அடிவானம்னு ஒண்ணு கிடையாது சார். விசிபிலிட்டிதான் இருக்குது."

"ரிப்போர்ட்டை நான் கேக்கல. அந்த வரியை எழுதினது யாருன்னு ஞாபகம் இருக்குதா?"

"அது வேற விஷயம் சார். நான் அப்ப ஸ்டூடண்ட்."

"அவ இப்ப ஸ்டூடண்ட்."

"சார், மீட்டிங் இருக்குது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான். அதற்கப்புறம் மூன்று தரம் போட்டேன். எடுக்கவில்லை. என்மேல் கோபம் என்றால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது என்று எனக்குத் தெரியும். என் வீட்டிலும் அன்று சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

புதியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பயப்படுகிறவனையும் முடிவெடுக்கிறவனையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டமே இல்லை. பயப்படுகிறவன் திரும்பி வந்தபிறகு காரணம் தேடுவான். முடிவெடுக்கிறவன் புறப்படும் முன்னாலேயே காரணத்தைச் சொல்லியிருப்பான். அதற்காகத்தான் அந்தக் கடைசி வரி. அந்த வரியை நீங்கள் கேட்பதை நிறுத்திவிட்டால், இந்த இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். அப்புறம் ஊகம்தான். போன வார என்ஜின் சத்தத்துக்கு அவள் முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை, அதைப் பற்றி வேண்டுமானால் பேசுங்கள், சத்தங்களைப் பிரித்துக் கேட்கச் சொல்லிக் கொடுங்கள். அதுவும் பாடம்தான். அதையும் இதையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள்.

செல்வம், இனி உன்னிடம்.

போன் எடுக்காதே, பரவாயில்லை. வீட்டுக்கு வந்து என் காலில் விழுந்து சமாதானம் பண்ணாதே, மூட்டு வலி எனக்கு, தூக்கிவிட முடியாது. எனக்குத் தனியாக எந்தப் பதிலும் வேண்டாம். திங்கட்கிழமை கூட்டத்தில், நீ அவளை நிற்க வைத்த அதே அறையில், எல்லாப் பயிற்றுநர்களும் மாணவர்களும் இருக்கும்போது, அவளை உட்காரச் சொல்லிவிட்டு நீ எழுந்து நின்று இந்தக் கேள்விக்குப் பதில் சொல். பாத்தி நிறையத் தண்ணீர், காற்று இல்லை, மேற்கே சவுக்குத் தோப்பு தெளிவாகத் தெரிகிறது, கிழக்கே ஒன்றும் தெரியவில்லை. உன் பக்கத்து இருக்கை காலி. பாடம் ஸ்டீப் டர்ன். நீ சுற்றுவாயா, வீட்டுக்குத் திரும்புவாயா?

சுற்றுவேன் என்றால் அதையே சத்தமாகச் சொல், அந்தப் பெண்ணை அனுப்பிவிடு. திரும்புவேன் என்றால் அதையும் அதே சத்தத்தில், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்.